ஆய்வகத்தில் வளர்க்கும் மீன், இறைச்சிக்குத் தமிழில் தெளிவான லேபிள் கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மீன், இறைச்சிச் சில்லறை வியாபாரிகள்,
காசிமேடு, சென்னை – 600 013.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை,
சென்னை.

பொருள்: ஆய்வக இறைச்சி, மீனுக்கு லேபிள் விதி – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். விலங்கின் உயிரணுக்களை (செல்களை) ஆய்வகத் தொட்டியில் வளர்த்து இறைச்சியாக்கி விற்க சிங்கப்பூர் 2020-லும் அமெரிக்கா 2023-லும் அனுமதி கொடுத்துவிட்டன. எங்கள் பகுதிக் கடைகளில் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024-ல் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வக மீன் உருவாக்க இறங்கியது. எடுத்துக்கொண்ட மீன்களில் வஞ்சிரமும் வவ்வாலும் உண்டு. எங்களிடம் நல்ல விலைக்குப் போவதே அவைதான்.

தடை கேட்டு வரவில்லை. இத்தாலி 2023-ல் தடை போட்டது, அது அவர்கள் முடிவு. விரும்புகிறவர் வாங்கட்டும், ஆனால் தெரிந்து வாங்கட்டும்.

காசிமேட்டுக்கு வருபவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை விரலால் அழுத்துவார், அப்புறம்தான் விலை பேசுவார். உறைந்த பாக்கெட்டில் அதற்கு வழியில்லை. பனியைத் துடைத்துவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் நம்ப வேண்டும். அதுவும் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிப்படி ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும். தமிழ் போடுவது கம்பெனியின் விருப்பம். அசைவத்துக்கான பழுப்பு முக்கோணமும், வலையில் வந்த மீனா ஆய்வகத் தொட்டியில் வளர்ந்ததா என்று சொல்லாது.

எனவே, பொருளின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ‘ஆய்வகத்தில் வளர்த்தது’ என்று தமிழில் இருக்க வேண்டும். எந்த உயிரின் செல் என்பதும் வேண்டும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள், ஹலால் பார்ப்பவர்கள் எல்லாம் எங்கள் வாடிக்கையாளர்கள். முக்கியமாக, செல் வளர்க்கும் திரவத்தில் கன்றின் ரத்தச் சீரம் சேர்ப்பதுண்டு. அப்படிச் சேர்த்திருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். மாட்டுக்கறி தொடாதவர் மீன் என்று நம்பி வாங்கி ஏமாறக் கூடாது.

ஓட்டலில் வறுத்துத் தட்டில் வைத்துவிட்டால் லேபிள் குப்பைக்குப் போய்விடும். ஆகவே மெனுவிலும் விலைப்பலகையிலும் இதே விவரத்தை எழுத வைக்க வேண்டும்.

விதி எழுதும் அதிகாரம் டெல்லியிலுள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு என்பது தெரியும். விற்பனைக்கு அனுமதி கொடுக்கும் முன்பே இது விதியாக, தங்கள் பரிந்துரையோடு இம்மனுவை அங்கே அனுப்பி, அதன் நகலை எங்களுக்கும் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காசிமேடு மீன், இறைச்சிச் சில்லறை வியாபாரிகள்
(கையெழுத்துகள் இணைப்பில்)