தம்பி, உன் பாஸ்போர்ட் என்னிடம்தான் இருக்கிறது

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை உன் கடைசி லீக் கால்பந்து ஆட்டம் முடிந்தது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

இதை வாட்ஸப்பில் உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் 2013 மே மாதம் அந்த ராத்திரி நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று கத்தியபோது உன் டீம் முழுவதும் நின்றது, எதிர் டீமும் நின்றது, கோயில் திருவிழாவுக்கு வந்த பாதி ஊர் நின்றது. அத்தனை பேர் முன்னால் சொன்னதை அத்தனை பேர் படிக்கிற இடத்தில்தான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரையிறுதிக்குக் கால் மணி நேரம் இருந்தது. ஜெனரேட்டர் ஒரு தடவை நின்று, மைதானமும் கடலும் ஒன்றாக இருட்டி, மறுபடி விளக்கு வந்தது. நீ கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் உட்கார்ந்து வலது காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தாய். நான் பஹ்ரைனில் மீன்பிடி வேலையிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவன். சட்டைப் பையிலிருந்து உன் பாஸ்போர்ட்டை எடுத்து, உள்ளே டிக்கெட்டைச் செருகி, உன் மடியில் போட்டேன். அங்கே ஒரு கிளப்பில் மூன்று வாரம் ஆடிக் காட்ட வேண்டும், பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். ஆளைப் பிடித்துப் பணம் கட்டி எல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். உன்னிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நீ டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாய். தேதியைப் படித்தாய். அப்புறம் மெதுவாகக் கேட்டாய்: "அண்ணா, அங்க நான் நல்லா ஆடினா யாரு பாப்பாங்க?"

"இங்க பாக்கிறவன் சோறு போடுவானா?" என்றேன்.

நீ பதில் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை வள்ளத்துக்குப் பக்கத்தில் மணலில் வைத்தாய். எறியவில்லை, வைத்தாய். எழுந்து மைதானத்துக்குள் போனாய். அப்போதுதான் நான் கத்தினேன். நீ திரும்பினாய், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கோயில் படிக்கட்டில், காலி மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருக்கும் அந்த மூன்றாவது படியைப் பார்த்தாய். அம்மாவுக்கு ஆஃப்சைடு தெரியாது. பந்து உன் காலுக்கு வந்தால் எழுந்து நிற்பாள், போனால் உட்கார்ந்துவிடுவாள். அன்று எத்தனை தடவை எழுந்தாள் என்று நான் எண்ணவில்லை. இரண்டாவது கோலுக்கு அப்புறம் உட்காரவே இல்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

ஆட்டம் முடிவதற்குள் நான் பாஸ்போர்ட்டை எடுத்து மணலைத் தட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீ போயிருக்க வேண்டும் என்று நான் நினைத்ததில் பேராசை இல்லை. அந்த வருஷம் ஐஎஸ்எல் என்ற பணக்கார லீக் கிடையாது, 2014 அக்டோபரில்தான் அது வந்தது. அப்போது நாட்டின் முதல் லீக்காக இருந்த ஐ-லீக் கிளப்பில் சேர்ந்தால் ஒரு வருஷ ஒப்பந்தம், முழங்கால் பிசகினால் அதுவும் இல்லை. மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபி வரை ஆடின பையன்கள் மறுபடி ஆழ்கடலுக்குப் போனதை நம் கரையில் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறோம். தூத்தூரிலிருந்து நீரோடி வரை காலை எழுந்தவுடன் பந்து உதைக்காத பிள்ளை கிடையாது, அதனால் வாழ்ந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நான் கடலில் கிடந்தது போதும், இவனாவது காலால் பிழைக்கட்டும் என்று நினைத்தேன்.

நீ விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனுப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். ஜூலையில் உத்தரவு வந்ததும் தெரியும். அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. கோப்பு தூக்கிக்கொண்டே சீனியர் டிவிஷன் ஆடுவதா, வருமான வரி, சுங்கம், ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், இந்தியன் வங்கி என்று ஆபீஸ் டீம்களுக்குள்ளேயே சுற்றுவதா என்று அம்மாவிடம் போனில் பேசினேன். இப்போது கணக்குப் பார்த்தால் புரிகிறது. கால் ஓய்ந்தாலும் அறுபது வயது வரை சம்பளம் வருகிற ஆட்டம் இந்த நாட்டில் ஒரு கால்பந்துக்காரனுக்கு அது ஒன்றுதான். வெள்ளி ராத்திரி சென்னை எழும்பூரில் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை நீ குழித்துறையில். எனக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு.

அந்த பஹ்ரைன் கிளப் விஷயத்தையும் பின்னால்தான் விசாரித்தேன். ஆசியப் போட்டிகளில் அப்போது மூன்று வெளிநாட்டுக்காரர், அதோடு வேற்று ஆசிய நாட்டுக்காரர் ஒருவர் என்பதுதான் ஒரு அணிக்கு விதி. நம் ஐ-லீக்கிலும் அதே கணக்குத்தான். அந்த ஒற்றை ஆசிய இடத்துக்கு ஜப்பான்காரன், கொரியாக்காரன், உஸ்பெக்காரன், கால்பந்தில் ஆசியக் கணக்கில் வருகிற ஆஸ்திரேலியாக்காரன் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு நான் ஒரு இடைத்தரகருக்கு நாற்பதாயிரம் கொடுத்தேன். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அவர் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படிக்கலாம், அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

உன்னோடு மனதுக்குள்ளே வாதாடிக்கொண்டே இருந்தேன். படகில் வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் போனில் தேடுவேன், போய் ஜெயித்தவர்களை. உன் முகத்துக்கு நேரே நீட்ட ஆள் வேண்டும் எனக்கு. இந்திய அணிக்கு ஆடிய சுனில் சேத்ரி போனார். 2009ல் லண்டன் கிளப்பான கியூபிஆர் ஒப்பந்தம் பேசியும், இந்தியா ஃபிஃபா தரவரிசையில் முதல் எழுபதுக்குள் இல்லை என்று பிரிட்டன் வேலை அனுமதி தரவில்லை. அடுத்த வருஷம் அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி, 2012ல் லிஸ்பனில் ஸ்போர்ட்டிங்கின் பி அணி, அப்புறம் பெங்களூரு. இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் நார்வேயில் தாக்குப்பிடித்தார், 2017ல் அவரும் பெங்களூருக்கு வந்துவிட்டார். பல நாட்டுக்காரர்கள் சொந்த நாட்டிலேயே தங்குவதற்குக் காரணம் பணம்தான். 2018 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து கூட்டிப்போன 23 பேரும் இங்கிலாந்துக் கிளப்களில் ஆடியவர்கள், அதைவிட நல்ல சம்பளம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? உனக்கு அந்தக் காரணமும் கிடையாது. உன்னை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை, அதுதான் என்னை எரித்தது.

அப்படித் தேடும்போதுதான் முகமது சலீம் கிடைத்தார். கல்கத்தாக்காரர், முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ஆள். 1936ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் போய் செல்டிக் அணிக்கு ஆடியிருக்கிறார். பூட்ஸ் இல்லாமல், காலில் துணிக்கட்டோடு. இரண்டு ஆட்டம். கூட்டம் அசந்துபோயிருக்கிறது, இருக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். வீட்டு நினைப்பு தாங்காமல் கப்பலேறிக் கல்கத்தா வந்துவிட்டார். துணிக்கட்டு என்று படித்ததும் வள்ளத்தில் உட்கார்ந்திருந்த நீதான் கண்ணுக்கு வந்தாய். செல்டிக் கூப்பிட்டும் வந்தவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று எழுதி வைக்கவில்லை. அவருக்கு ஒரு அண்ணன் என்னைப் போல வாய்க்கவில்லை போலிருக்கிறது.

2017 மே மாதம் இத்தாலிக்காரர் டோட்டி விடைபெற்ற வீடியோவை கேம்பில் ஆறு பேர் ஒரே போனில் பார்த்தோம். ரோமில் பிறந்து, ரோமா அணிக்கு மட்டும் 25 சீசன், 786 ஆட்டம். ரியல் மாட்ரிட் அழைத்தும் போகவில்லை. மனுஷன் மைதானத்தில் நின்று கடிதம் படிக்கிறான், ஸ்டேடியமே அழுகிறது. நானும் அழுதேன். உடனே உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நம்பரைக் கூட எடுத்தேன்.

அப்புறம் கோபம் வந்துவிட்டது. அதையும் மறைக்கக் கூடாது. டோட்டி தங்கினதற்கு ரோம் கோடி கோடியாகக் கொடுத்தது. நீ தங்கினதற்கு யார் கொடுத்தது? வேலை உத்தரவு வருகிற வரை உன் பூட்ஸ், நாகர்கோவில் போய் எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேன், வீட்டுக் கடன், அக்கா கல்யாணம், எல்லாம் பஹ்ரைன் தினார். ஊரில் உன்னைப் பற்றிப் பேசும்போது, "வெளிநாட்டு வாய்ப்பையே வேண்டாம்னு சொன்ன பையன்" என்கிறார்கள். கேட்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ வேண்டாம் என்று சொல்ல முடிந்ததற்கு ஒருவன் சரி என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியிருந்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கும் ஊர் பிடிக்கும் தம்பி. எனக்கும் அந்த மூன்றாவது படி தெரியும். பிடிப்பதும் பிடிக்காததும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இதை எழுதியதும் அழித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஒக்கிப் புயல் நாட்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். படிப்பவர்களில் அந்த வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் துக்கத்தை நம் வீட்டுக் கதைக்குள் இழுக்கக் கூடாது. 2017 டிசம்பர் முதல் வாரம் நம் வீட்டில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது மட்டும் எனக்கு மறக்காது. நீ லீவு போட்டு ஓடி வந்திருந்தாய். நான் போனில் குரலாக மட்டும் இருந்தேன்.

அங்கே யார் பார்ப்பார்கள் என்று நீ கேட்டதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கேம்புக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியில் பங்களாதேஷ்காரர்களும் எகிப்துக்காரர்களும் நாங்களும் சேர்ந்து ஆடுவோம். அன்று இடது பக்கத்திலிருந்து வந்த பந்தை நான் தரையில் விழ விடாமல் அடித்தேன். போஸ்டுக்கு உள்பக்கம் உரசிக்கொண்டு போனது. நல்ல கோல், உன்னைப் போல. எல்லாரும் முதுகில் தட்டினார்கள். நான் என்னை மறந்து வலது பக்கம் திரும்பினேன், படிக்கட்டு இருக்கிற பக்கம். அங்கே ஒரு தண்ணீர் லாரி நின்றது.

ரொம்ப நேரம் அந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி அந்த பாஸ்போர்ட். 2015ல் உன் ஆபீஸ் டீம் பத்து நாள் கொழும்புக்குப் போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டாய். இரண்டு வருஷம் கழித்து நீயாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாய். தொலைந்துவிட்டது என்றேன். அது அப்போது என் பெட்டியில், என் தலைமாட்டில் இருந்தது. நான் கொடுத்தபோது மணலில் வைத்தாய், இப்போது பத்து நாள் ஆட்டத்துக்கு மட்டும் வேண்டுமா என்று நினைத்தேன். நீ மறுபேச்சுப் பேசவில்லை. புதிதாக எடுக்க நேரமில்லாமல் டீம் உன்னை விட்டுவிட்டுப் போனது. நீ போய்த் திரும்பி வந்திருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். வெளிநாடு என்றால் உனக்குப் பயம் என்று நான் சொன்னது பொய் என்று அந்தப் பத்து நாளில் ஊருக்கே தெரிந்திருக்கும். அதற்குத்தான் தரவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. மன்னித்துக்கொள்.

நான் விசாவை முடித்துக்கொண்டு வருகிறேன். முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்து யாராவது அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லட்டும். உனக்கு நாகர்கோவிலுக்கு மாற்றல் கிடைத்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாயாம். முழங்காலைப் பார்த்துக்கொள்.

பாஸ்போர்ட் 2022லேயே காலாவதியாகிவிட்டது. முப்பத்தாறு பக்கத்தில் ஒன்றில்கூட முத்திரை இல்லை. தையலுக்குள் கொஞ்சம் மணல் இன்னும் இருக்கிறது, நான் உதறவில்லை. கொண்டு வருகிறேன்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம். அன்று ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். நானே வண்டி பிடித்து நேரே மைதானத்துக்கு வந்துவிடுகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அண்ணன்