தயாரிப்பாளர் என்றால் பணம் போட்டவர் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எலக்ட்ரானிக் இசை பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் விமர்சனங்களில் ஒரு சொல் தொடர்ந்து குழப்பத்தை உண்டாக்குகிறது. ‘தயாரிப்பாளர்’ என்று அச்சானதுமே, சினிமா பார்த்துப் பழகிய நம் வாசகர் முதல் போட்டவரைத்தான் நினைத்துக்கொள்வார். இந்த இசையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. தாளத்தை அடுக்குபவர், சின்தசைசரில் ஒலியைச் செதுக்குபவர், பாடகர் கொடுத்த பத்து டேக்கிலிருந்து வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கி ஒரே குரலாக ஒட்டுபவர், பல சமயம் எல்லா ஒலிகளையும் சமன்செய்து கலக்கும் மிக்ஸிங்கும் முடிப்பவர், எல்லாம் அவர்தான். அவர் பெயரில் பத்துப் பேர் பாடி ஆல்பம் வந்தால் அது ‘பல பாடகர்களின் தொகுப்பு’ ஆகிவிடாது. பாட்டுக்குப் பாட்டு குரல் மாறும். ஒலியின் கையெழுத்து மாறாது.

இரண்டாவது குறை, ‘இணையம் வழியே ஒன்றாக வாசித்தார்கள்’ என்ற வாக்கியம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி 1,000 கிலோமீட்டர் போகவே சுமார் 5 மில்லிசெகண்ட் ஆகும். அதற்கு மேல் இரண்டு பக்கக் கணினிகளும் நெட்வொர்க்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. மொத்தத் தாமதம் 30 மில்லிசெகண்டைத் தாண்டினால், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருந்து காத்திருந்து தாளம் இழுபட ஆரம்பித்துவிடும். அதனால் கூட்டு ஆல்பம் என்பது மாற்றி மாற்றிச் செய்கிற வேலை. இவர் அனுப்புவார், அவர் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். 2003-இல் வந்த ‘கிவ் அப்’ ஆல்பத்துக்கு இசைத் தயாரிப்பாளர் ஜிம்மி டாம்பொரெல்லோ இசைத் துண்டுகளை டிஜிட்டல் நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பினார். பாடகர் பென் கிப்பர்ட் அவற்றின் மேல் பாடித் திருப்பி அனுப்பினார். குழுவின் பெயரே ‘தி போஸ்டல் சர்வீஸ்’. அந்தப் பெயருக்கு அமெரிக்கத் தபால் துறை ஆட்சேபம் எழுப்பி, பிறகு சமாதானமாகப் போனது தனிக்கதை. இன்று நாடாவின் இடத்தில் ஃபைல் வந்திருக்கிறது. முறை அதேதான்.

ஆகவே ஒரு கூட்டு ஆல்பம் தேறுவதும் தேறாததும் பாதிக்கு மேல் இந்தப் பரிமாற்றத்தில் இருக்கிறது. ‘இதயங்களின் சங்கமம்’ என்றெல்லாம் எழுதுவதற்கு முன்னால் இதையும் வாசகர் தெரிந்துகொள்ளலாம். புதிதாக இறங்குகிற இளைஞர்களும் உங்கள் இசைப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

முதலில் மூன்று எண்கள் ஒத்துப்போக வேண்டும்: டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி), சுருதி, சாம்பிள் ரேட் (ஒலி செகண்டுக்கு எத்தனை முறை அளந்து பதியப்படுகிறது). மூன்றையும் ஃபைலின் பெயரிலேயே எழுதிவிடுவது நல்லது. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்த குரலை 48 கிலோஹெர்ட்ஸில் அமைத்த மென்பொருள் புராஜெக்ட் மாற்றம் செய்யாமல் அப்படியே வாசித்தால் வேகம் 8.8 சதவீதம் கூடும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன்) ஏறும். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 40 செகண்டில் முடிந்துவிடும். இந்தப் பிழை கேட்ட உடனே மாட்டிக்கொள்ளும், ஆபத்து குறைவு. மாட்டாதது டெம்போவின் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்கள். ஒரு பழைய லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டை, மென்பொருளே அளந்து 127.98 என்று வைத்துக்கொள்ளும். திரையில் அது 128 என்று தெரியும். எதிர்ப்பக்கத்தில் உள்ளவரும் 128 என்றே போட்டுக்கொள்வார். முதல் ஒரு நிமிடம் எல்லாம் சரியாக இருக்கும். நான்காவது நிமிடத்தின் முடிவில் இரண்டுக்கும் 37 மில்லிசெகண்ட் வித்தியாசம் விழுந்திருக்கும். ஒரே கைதட்டல் ‘தட்-தட்’ என்று இரண்டாகக் கேட்கும். பாடகர் தாளம் தப்பினார் என்று பழி அவர் தலையில் விழும்.

எல்லா ஃபைலும் பாட்டின் முதல் பாரிலிருந்தே, அதாவது முதல் தாளச் சுற்றிலிருந்தே, தொடங்க வேண்டும். குரல் இரண்டாம் நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும், முன்னால் உள்ள வெற்றிடத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். அப்போதுதான் பெறுபவர் எதையும் யோசிக்காமல் பூஜ்யத்தில் வைத்தால் சரியாக உட்காரும். இன்னொன்று, பாடகர் கேட்டுக்கொண்டே பாடுவதற்கான வழிகாட்டி டிராக்கை எம்.பி.3-ஆக அனுப்பும் பழக்கம். எம்.பி.3-ஆகச் சுருக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும். பரவலாகப் புழங்கும் லேம் என்கோடரில் அது சுமார் 25 மில்லிசெகண்ட். சில மென்பொருள்கள் அதைக் கழித்துவிடும், சில கழிக்காது. 128 டெம்போவில் ஒரு பதினாறாம் சுரத்தின் (ஓர் அடியில் கால் பங்கு) நீளமே 117 மில்லிசெகண்ட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போனால் நடனத்துக்கான இசையில் உயிர் போய்விடும். வழிகாட்டியாக இருந்தாலும் சுருக்காத வேவ் ஃபைலே அனுப்புங்கள், 24 பிட்டில்.

குரலை உலர்ந்த நிலையில், அதாவது ரிவெர்ப் (அறையில் ஒலிப்பது போன்ற கார்வை), எக்கோ, சுருதித் திருத்தம் எதுவும் ஒட்டாமல் அனுப்ப வேண்டும். டிஜிட்டல் பதிவின் மேல் எல்லை பூஜ்யம்; உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் இருந்தால் போதும். பாடகருக்குப் பிடித்த எஃபெக்ட் இருந்தால் அதையும் சேர்த்த இன்னொரு பிரதியை மாதிரிக்கு வைக்கலாம். ரிவெர்பை மிக்ஸிங்கில் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஒட்டிப் பதிந்துவிட்டால் சுத்தமாகப் பிரித்தெடுக்க வழியில்லை.

தயாரிப்பாளர் பக்கம் நடக்கும் தவறுகள் இதைவிட நுணுக்கமானவை. கிக் (அடித்தாள டிரம்) விழும்போதெல்லாம் பேஸ் (கீழ்ஸ்தாயி இசை) தானாகத் தாழ்ந்து எழும்படி அமைப்பதை சைட்செயின் என்போம். நடன இசையின் மூச்சே அதுதான். கிக்கை அணைத்துவிட்டு பேஸை மட்டும் தனி ஸ்டெம்மாக, அதாவது தனி ஆடியோ ஃபைலாக, எடுத்தால், தூண்டிவிட கிக் இல்லாததால் அந்த மூச்சு காணாமல் போகலாம். பெறுபவரிடம் போவது தட்டையான பேஸ். எல்லா ஒலியும் வந்து சேரும் மாஸ்டர் சேனலில், சத்தம் எல்லை தாண்டாமல் அமுக்கும் லிமிட்டரை வைத்துக்கொண்டே ஸ்டெம் எடுப்பது அடுத்த தவறு. எல்லா ஒலியும் சேர்ந்து வரும்போது லிமிட்டர் அமுக்குகிற அளவு வேறு. தனித்தனியாக வரும்போது அமுக்குகிற அளவு வேறு. பிறகு ஸ்டெம்களைக் கூட்டினால் பழைய மிக்ஸ் கிடைக்காது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. லிமிட்டரை அணைத்து முழு மிக்ஸையும் ஸ்டெம்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டெம்களைப் புதிய புராஜெக்டில் அடுக்கி, முழு மிக்ஸின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாக்கி மேலே வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றையொன்று அழித்து நிசப்தம் வரும். ஒவ்வொரு முறையும் சற்று மாறி ஒலிக்கும் கோரஸ் போன்ற எஃபெக்டுகளின் மெல்லிய எச்சம் கேட்டால் பரவாயில்லை. முழு பேஸ் லைனே கேட்டால் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஐந்து நிமிட வேலை, செய்பவர்கள் குறைவு.

பிளக்-இன், அதாவது மென்பொருளில் கூடுதலாகச் சேர்க்கும் ஒலிக்கருவி, பற்றிய விஷயத்தை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. எதிரில் இருப்பவரிடம் அதே பிளக்-இன் இருக்காது என்றே வைத்துக்கொண்டு, ஆடியோவையும் மிடியையும் (எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு) சேர்த்து அனுப்பினால் தீர்ந்தது. ஃபைலுக்கு ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘கடைசி ஃபைனல்’ என்று பெயர் வைக்காமல் தேதியும் பதிப்பு எண்ணும் போடுவது, நட்பு நீடிக்கவும் உதவும்.

பத்துப் பாடகர்கள் என்றால் பத்து அறைகள், பத்து மைக்குகள். ஒருவர் குரலில் வெறுஞ்சுவரின் எதிரொலி இருக்கும், இன்னொருவரிடம் மின்விசிறி இரைச்சல் இருக்கும். இவற்றை ஒரே ஆல்பமாகக் கேட்கவைப்பது ஒரே ஆள் எல்லாவற்றையும் மிக்ஸ் செய்வதும், இரண்டு மூன்று பொது ரிவெர்புகளுக்குள் எல்லாக் குரலையும் அனுப்புவதும், கடைசியில் பாடல்களை வரிசைப்படி வைத்து ஒரே அமர்வில் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய இறுதி ஒலிச் சீரமைப்பு) பண்ணுவதும்தான். எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்கு இழுப்பது மாஸ்டரிங் அல்ல. ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் ஒலியளவை மைனஸ் 14 லஃப்ஸ் (காதில் விழும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சரிசெய்கிறது. ஆனால் ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் பாடல்களுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிடும். கலைத்துப்போட்டுக் கேட்டால் ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன் செய்யும். ‘எல்லாப் பாட்டும் ஒரே அழுத்தத்தில் ஓடுகிறது’ என்று எழுதும் விமர்சகர் எந்த முறையில் கேட்டார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி பெயர் விவகாரம். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று, பதிவு செய்யப்பட்ட ஒலி இன்னொன்று. படைப்பில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று, கூட்டினால் 100 வரும்படி எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதற்கு நேரம் பாட்டு முடிந்த அன்றே. பாட்டு ஹிட் ஆன பிறகு கேட்டால் அவரவர் நினைவு அவரவர் பக்கமே சாயும். பழைய பதிவிலிருந்து துண்டெடுத்துப் பயன்படுத்தினால் இரண்டு உரிமையாளர்களிடமும் அனுமதி தேவை. இசைக் கலைஞர்கள் பிரையன் ஈனோவும் டேவிட் பைர்னும் சேர்ந்து செய்து 1981-இல் வந்த ஆல்பத்தின் வெளியீடு தள்ளிப்போனதே, அதில் சேர்த்திருந்த குரல்களுக்கு அனுமதி வாங்கும் வேலையால்தான். ராயல்டி இல்லாத லூப் தொகுப்புகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அதே லூப்பை வேறொருவர் முன்பே தன் பாட்டில் போட்டிருந்தால், இணையத் தளங்களின் தானியங்கி அடையாள முறை உங்கள் பாட்டை அவருடையது என்று பிடித்துக்கொள்ளும். லூப்பை வெட்டி, சுருதி மாற்றி, வேறு ஒலியோடு கலந்து பயன்படுத்துவது நல்லது.

ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. குறியீடு உண்டு. ரீமிக்ஸுக்கும் குரல் இல்லாத இசைப் பிரதிக்கும் தனித்தனிக் குறியீடு வாங்க வேண்டும். பாடகரின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஸ்ட்ரீமிங் தளத்தில் அவர் பெயரில் புதிதாக இன்னொரு பக்கம் முளைத்துவிடும். கேட்ட எண்ணிக்கை அங்கே போய்ச் சேரும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது சிறிய விஷயம். கூட்டு ஆல்பங்களுக்கு விமர்சனம் போடும்போது, நட்சத்திர மதிப்பீட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டு யார், வரிகள் யார், குரல் யார், மிக்ஸிங், மாஸ்டரிங் யார் என்று அச்சிடுங்கள். ‘தயாரிப்பாளர்’ என்பதற்குப் பதிலாக ‘இசைத் தயாரிப்பாளர்’ என்று எழுதினாலே பாதிக் குழப்பம் போகும். இடம் போதவில்லை என்றால் நட்சத்திரங்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுக் கூடப் பணியாளர்கள் இருவர்