எஸ்தருக்கு, நாஷ்வில் போய் வந்த பிறகு

நாகர்கோவில்

அன்புள்ள எஸ்தர்,

நான் ஊரில் இல்லாதபோது உன் கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். வந்து ஒரு வாரம் ஆகியும் தூக்கம் ஒழுங்குக்கு வரவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது, காபி போட்டுக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடியது அசல் கன்ட்ரியே, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டே இல்லை, விற்பதற்காகப் பாப் ஆக்கின சரக்கு என்று உன் பேரன் சொல்கிறானாம். கன்ட்ரியின் தலைநகரமான நாஷ்வில்லுக்கே போகிறாய், கேட்டுக்கொண்டு வா என்று எழுதியிருந்தாய். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் உன் டேப் ரெக்கார்டரில் கேட்ட அந்தக் குரல்தான் எனக்கு முதல் ஆங்கிலப் பாட்டு. அதனால் எனக்கும் சுருக்கென்றது.

அவர் பாடிய அறைக்கே போனேன், எஸ்தர். ஆர்சிஏ என்ற ரெக்கார்டு கம்பெனியின் ஸ்டூடியோ பி. 1957-ல் கட்டியது, வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ கிடங்கு என்று நினைப்பாய். உள்ளே தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள், பாடகர் நின்று பாட நல்ல இடம் அதுதானாம். நானும் அதில் நின்றேன். பாடவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் ஜிம் ரீவ்ஸும் மற்றவர்களைப் போல உரக்கப் பாடிக்கொண்டிருந்தவர்தான். 1957 வாக்கில்தான் உதடு மைக்கைத் தொடுகிற அளவுக்குக் கிட்டே போய், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலப் பாட ஆரம்பித்தார். 'ஹி'ல் ஹாவ் டு கோ' ஞாபகம் இருக்கிறதா? போனை இன்னும் கிட்டே வைத்துப் பேசு என்று ஒருவன் காதலியிடம் கெஞ்சுவானே, அந்தப் பாட்டு. அமெரிக்காவில் வாராவாரம் போடும் பிரபலப் பாட்டுப் பட்டியல்களில், அது 1960-ல் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது, பாப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அதில் கன்ட்ரிக்கு அடையாளமான, கிராமத்துப் பாணியில் வாசிக்கிற பிடிலும் இல்லை, ஸ்டீல் கிட்டாரும் இல்லை. பின்னணியில் ஒரு கோரஸ், மெல்லிய பியானோ, எல்லாமே மென்மை.

உன் பேரன் குற்றம் சொல்வது இந்த இடத்தைத்தான். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ராக் அண்ட் ரோல் வந்ததும் இளசுகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட, கன்ட்ரி ரெக்கார்டு விற்பனை ஆட்டம் கண்டது. செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஆர்கெஸ்ட்ரா பாணி வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டுவந்தார்கள். 'நாஷ்வில் சவுண்ட்' என்று அதற்குப் பெயர் வந்தது. அது என்ன என்று அட்கின்ஸிடம் கேட்டபோது, பாக்கெட்டில் கிடந்த சில்லறையைக் குலுக்கிக் காட்டினாராம்.

ஸ்டீல் கிட்டார் எப்படி இருக்கும் என்று நீ நேரில் பார்த்ததில்லை அல்லவா? நம் கோட்டு வாத்தியத்தை நினைத்துக்கொள். கம்பியின் மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும்போது ஸ்வரம் ஸ்வரமாகத் தாவாமல் அழுகை மாதிரி இழையும், அதே இழைவு. அது இல்லாமல் போனது எனக்கும் வருத்தம்தான்.

பாட்ஸி கிளைன் என்ற கன்ட்ரி பாடகிக்கும் அந்த வருத்தம் இருந்தது. கௌபாய் உடுப்பில் பாட ஆசைப்பட்டவர் அவர். வயலின்களும் கோரஸும் தன் குரலை மூழ்கடித்துவிடும் என்று பிராட்லியிடம் சண்டை போட்டிருக்கிறார். 1961-ல் ஒரு கார் விபத்தில் சிக்கினார். சில வாரங்களிலேயே ஊன்றுகோலோடு 'கிரேஸி' பாட வந்தார். வில்லி நெல்சன் எழுதிய பாட்டு அது. விலா வலியில் மேல் ஸ்வரத்தைப் பிடிக்க முடியவில்லை. வாத்தியங்களை மட்டும் பதிவு செய்து வைத்துவிட்டு, கொஞ்சம் தேறியதும் திரும்ப வந்து அதன்மேல் பாடிக் கொடுத்தார். பாப் பட்டியலில் ஒன்பதாம் இடம். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, இது நீர்த்துப்போன சரக்கு என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1963-ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30. அடுத்த வருடமே நம் ஜிம் ரீவ்ஸும் அதே மாதிரி போய்விட்டார்.

அப்புறம் இன்னொன்று, இதை உன் பேரனிடம் அவசியம் சொல். கன்ட்ரி, பாப் என்று வேலி போட்டவர்கள் பாடகர்கள் இல்லை. 1920-களில் ரெக்கார்டு கம்பெனிகள்தான் கறுப்பர் பாடியதை 'ரேஸ்' என்றும், தெற்கத்தி வெள்ளைக்காரர் பாடியதை 'ஹில்பில்லி' என்றும் தனித்தனி வரிசையில் போட்டு விற்றன. பாடியவர்களோ ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு வளர்ந்தவர்கள். கன்ட்ரியில் வாசிக்கிற பாஞ்சோ என்ற தந்தி வாத்தியமே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களின் வாத்தியம்தான். பாடகர் ரே சார்ல்ஸ் சின்னப் பையனாக ஃப்ளோரிடாவில் வளர்ந்தபோது 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற கன்ட்ரி நிகழ்ச்சியை ரேடியோவில் விரும்பிக் கேட்டவர். 1962-ல் அவர் முழுக்கக் கன்ட்ரி பாட்டுகளை வைத்து ஒரு ஆல்பம் போட்டார். ரசிகர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் பயந்தார்கள். அதில் டான் கிப்சன் எழுதிய 'ஐ கான்ட் ஸ்டாப் லவ்விங் யூ' ஐந்து வாரம் பாப்பில் முதலிடம்! கன்ட்ரி பட்டியலில் மட்டும் அது ஏறவே இல்லை. பாட்டு கன்ட்ரி, பாடியவர் கறுப்பர். அந்த வேலி எதற்காக இருந்தது என்று இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் சண்டை பெரிதாகிவிட்டது. 1974-ல் கன்ட்ரி சங்கம் சிறந்த பாடகி விருதைப் பாப் பாடகி ஒலிவியா நியூட்டன் ஜானுக்குக் கொடுத்தது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதி வீட்டில் பழைய பாடகர்கள் கூடி, எதிர்ப்பாகத் தனிச் சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டனின் தங்கை ஸ்டெல்லா மட்டும் ஒலிவியாவுக்கு ஆதரவாக ஒரு பாட்டு வெளியிட்டார். எனக்கு அந்தத் தங்கையை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வருடம் அதே விருது மேடையில், வென்றவர் என்று பாப் பக்கம் சாய்ந்த ஜான் டென்வர் பெயர் எழுதியிருந்த சீட்டைக் கன்ட்ரி பாடகர் சார்லி ரிச் லைட்டரால் கொளுத்தினார். அந்த ரிச்சே பாப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இப்போது டாலிக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். டென்னஸி மலையில் பன்னிரண்டு பிள்ளைகளில் நாலாவது. பிரசவம் பார்த்த டாக்டருக்கு அப்பா ஒரு மூட்டை சோளமாவுதான் கூலியாகக் கொடுத்தார். 1977-ல் 'ஹியர் யூ கம் அகெய்ன்' என்ற பாட்டு அவரிடம் வந்தது. எழுதியவர்கள் பேரி மான், சிந்தியா வைல், கன்ட்ரிக்குச் சம்பந்தமில்லாத பாப் ஆட்கள். பாட்டில் கன்ட்ரி வாசனையே இல்லை. டாலி பாடச் சம்மதித்தார், ஆனால் ஸ்டீல் கிட்டார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். காதில் விழுகிற மாதிரி அதைச் சேர்த்த பிறகுதான் விட்டார். பாப்பில் மூன்றாம் இடம், கன்ட்ரியில் முதலிடம். அதற்கு முன் ராக் அண்ட் ரோல் நட்சத்திரம் எல்விஸே, டாலி எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டைப் பாட விரும்பி, உரிமையில் பாதி கேட்டு ஆள் விட்டபோதும் மறுத்தவர் அவர். அந்தப் பாட்டைத்தான் 1992-ல் பாப் பாடகி விட்னி ஹூஸ்டன் பாடி உலகம் முழுக்கக் கேட்டது.

பாட்ஸியிடமிருந்தும் ஜிம் ரீவ்ஸிடமிருந்தும் எடுத்துவிட்டதை, வேலி தாண்டும்போது தன்னோடு தூக்கிக்கொண்டே போயிருக்கிறாள் இந்தப் பெண். மகள் வீட்டு வராந்தாவில் 'ஹியர் யூ கம் அகெய்ன்' பாட்டைப் போட்டு, ஸ்டீல் கிட்டார் வரும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். கொஞ்சம்தான் வருகிறது. ஆனால் இருக்கிறது.

1991-ல் கடைகளில் விற்றதை மெஷினில் எண்ண ஆரம்பித்ததும் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் நேராக எல்லா ஆல்பங்களுக்குமான பட்டியலில் முதலிடத்தில் வந்து நின்றதையும், கன்ட்ரியையும் பாப்பையும் கலந்து பாடிய ஷனாயா ட்வெய்னையும் உன் பேரன் என்னைவிட நன்றாகச் சொல்வான். 2019-ல் கறுப்பர் பாடகர் லில் நாஸ் எக்ஸின் பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கிய கதையையும் அவனிடமே கேள். பாப்பில் அது 19 வாரம் முதலிடம். ரே சார்ல்ஸ் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்.

டிசம்பரில் வருகிறேன். அந்தப் பழைய கேசட், ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டு கேசட், இன்னும் உன்னிடம் இருக்கிறதா? நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் கையால் இழுக்காதே, பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்று. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
விஜயா