விருதுத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இளங்கலை மாணவர்களுக்குத் துணைநிற்கும் பணியாளர்களைக் கல்லூரிகள் மேடையேற்றிப் பாராட்டுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. அவர்களோடு பணியாற்றும் ஆசிரியர் என்ற முறையில், யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

எத்தனை நிகழ்ச்சி நடத்தினீர்கள், எத்தனை பேர் வந்தார்கள், புகைப்படம் இருக்கிறதா என்றே விருதுப் படிவங்கள் பெரும்பாலும் கேட்கின்றன. மாணவர் நலப் பணியின் பெரிய சாதனைகள் அந்தக் கட்டங்களில் அடங்குவதில்லை. படிப்பை நிறுத்திக்கொள்கிறேன் என்று வந்து நிற்கும் முதலாண்டு மாணவியிடம் படிவத்தை உடனே நீட்டாமல், "உட்காரும்மா, என்ன ஆச்சு?" என்று கேட்கிறார் ஓர் எழுத்தர். உதவித்தொகை வராததற்குப் பெயரில் விழுந்த எழுத்துப்பிழைதான் காரணம் என்று கண்டுபிடித்து, அன்றே திருத்தி அனுப்புகிறார். மறுநாள் அவள் வகுப்பில் இருக்கிறாள். நடக்கவிருந்த இழப்பு நடக்காமல் போனதை எந்தப் பதிவேடும் குறித்துவைப்பதில்லை.

இது சின்ன வேலை அல்ல. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் ஈராண்டுக் கல்லூரிகளில், மாணவர்கள் விரைவில் பட்டம் பெற உதவும் 'அசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அங்கே வழக்கமாக ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 மாணவர்கள் இருந்தார்கள். இந்தத் திட்டத்திலோ 60 முதல் 80 பேர்தான். கட்டண உதவி, பாட உதவி, பயண அட்டை ஆகியவையும் உண்டு. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். மூன்றாண்டுக்குள் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். பணத்தால் மட்டும் இது நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். பெயர் தெரிந்து கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆள் வேண்டும், விசாரிக்க அவருக்கு நேரமும் வேண்டும்.

படிப்பிலும் சக மனிதர்களிடத்திலும் பிணைப்பு ஏற்படாத மாணவர்களே கல்லூரியை விட்டு விலகுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-லேயே எழுதினார். அந்தப் பிணைப்பை உருவாக்குபவர்களில் ஆசிரியர்கள் ஒரு பகுதிதான். நூலக உதவியாளர், விடுதிக் காப்பாளர், தேர்வுப் பிரிவு எழுத்தர் ஆகியோரும் அந்த வரிசையில் வருகிறார்கள்.

ஆகவே முன்மொழியும் உரிமையை மாணவர்களுக்கும் சக பணியாளர்களுக்கும் கொடுங்கள். இந்தப் பணியில் இருக்கும் நல்லவர்கள் தம்மைப் பற்றித் தாமே விண்ணப்பம் எழுத மாட்டார்கள். மனநல ஆலோசகர்களின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் செய்த மிகச் சிறந்த வேலையை அவர்கள் வெளியே சொல்லவே கூடாது. அவர்களிடம் 'சான்று' கேட்காதீர்கள். அவர்களிடம் மாணவர்கள் நம்பி வருகிறார்களா, மற்றவர்களையும் அனுப்பிவைக்கிறார்களா என்று பாருங்கள். மேடையிலும் எந்த மாணவரின் துயரக் கதையையும் அடையாளம் தெரியும்படி சொல்லிவிடாதீர்கள். கைதட்டலுக்காக ஒரு பிள்ளையின் அந்தரங்கத்தைச் செலவழிக்க நமக்கு உரிமையில்லை.

ஒப்பந்தப் பணியாளர்களை, நிரந்தரப் பணியில் இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டாம். நான்கு மேசைகள் கைமாறி முடிந்த வேலைக்கு நால்வரையும் சேர்த்தே அழையுங்கள்.

கேடயத்தையும் சால்வையையும் அவர்கள் மனமார ஏற்றுக்கொள்வார்கள். அவற்றோடு, அவர்களுடைய பிரிவுக்கு இன்னும் ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்ற பரிந்துரையையும் நிர்வாகத்துக்கு எழுதி, அதை அதே மேடையில் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு கல்லூரி ஆசிரியர்