முறைப்பாடு: அக்சலோட்டல் குடம்பி வளர்ப்புத் தொகுதியும் அதனுள் உள்ள வழிகாட்டித் தாளும்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மணி,

உங்கள் இணையக்கடையில் "அக்சலோட்டல் குடம்பி வளர்ப்புத் தொகுதி" என்ற பெயரில் விற்கப்படும் பெட்டியை, யாழ்ப்பாணத்தில் அக்சலோட்டல் என்னும் நீர்வாழ் ஈரூடகவாழியை இனம்பெருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து வாங்கினோம். பற்றுச்சீட்டுப் பிரதிகளும் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தொலைபேசியில் முறையிட்டபோது "உயிருள்ள பிராணிக்கு உத்தரவாதம் கிடையாது" என்று பதில் வந்தது. பிராணியை நாங்கள் உங்களிடம் வாங்கவில்லை. வாங்கியது ஒரு ரின் ஆர்ட்டீமியா (குஞ்சைக் குடம்பிக்கு இரையாகக் கொடுக்கும், உப்புநீரில் வாழும் சிறு இறால்போன்ற உயிரி) முட்டை, ஒரு பை உப்பு, ஒரு குளிரூட்டி, இரண்டு போத்தல் மருந்து, ஒரு தாள். முறைப்பாடு இவற்றைப் பற்றியதே. பெட்டிக்குள் இருப்பவை சூட்டுநீர் அலங்கார மீன்குஞ்சுக்கான பொருட்கள். வெளியில் மட்டும் அக்சலோட்டல் படம் ஒட்டியிருக்கிறது.

முதலில் ரின். முகப்பில் "90 வீதம் பொரிக்கும்" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் "கோது நீக்கியது, நேரடி உணவு, பொரிக்காது" என்று இருக்கிறது. இரண்டும் ஒரே ரின்னில் உண்மையாக இருக்க முடியாது. திறந்து பார்த்தாலே விடயம் விளங்கும். பொரிக்கக்கூடிய முட்டை கபில நிறம். உங்கள் ரின்னில் உள்ளது செம்மஞ்சள். கோது நீக்கி உலர்த்திக் கொன்ற முட்டைக்குத்தான் அந்த நிறம் வரும்.

நம்பாவிட்டால் உங்கள் களஞ்சியத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஒன்றரை லீற்றர் சோடா போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். 1 லீற்றர் நீர், 25 முதல் 30 கிராம் உப்பு, 1 கிராம் முட்டை. எயார் பம்பின் குழாய் கழுத்துவரை இறங்கவேண்டும், இல்லாவிட்டால் முட்டை அடியில் படிந்து மூச்சுமுட்டிப் போகும். மேலே ஒரு விளக்கு, நீர் 26 முதல் 28 பாகை. நல்ல முட்டையானால் 24 மணித்தியாலத்தில் வெளிச்சத்தை நோக்கிச் செம்மஞ்சள் மேகம்போல் குஞ்சுகள் திரளும். ஒரு கிராமில் இரண்டரை இலட்சத்துக்குக் குறையாத முட்டைகள் இருப்பதால், 90 வீதம் பொரித்ததா இல்லையா என்று எண்ணிப்பார்க்கவே தேவையில்லை, கண்ணாலேயே தெரியும். உங்கள் ரின்னிலிருந்து எடுத்தவை அடியில் படிந்து கிடந்து, பிறகு நாறின. ஒப்பிடுவதற்காக வேறிடத்தில் வாங்கிய கபில முட்டையை அதே உப்பில், அதே போத்தலில் போட்டபோது மறுநாளே பொரித்தது. ஆகவே நீரிலோ வெப்பத்திலோ குறை இல்லை.

உங்கள் உப்புப் பையிலும் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. "ஒரு லீற்றருக்கு ஒரு பை" என்கிறீர்கள், பையின் நிறை 10 கிராம். அதைப்போல இரண்டரை மடங்கு வேண்டும். ஆனையிறவுக் கல்லுப்பைத் தராசில் நிறுத்துப் போட்டாலே போதும், விசேட உப்பு என்று தனியாக விற்கவேண்டிய அவசியமில்லை.

பொரிக்காத முட்டையையே குடம்பிக்குப் போடலாமே என்று உங்கள் ஊழியர் சொன்னார். அக்சலோட்டல் குடம்பிக்கு அசைவது மட்டுமே இரை. பொரித்த பின் முதல் இரண்டு மூன்று நாட்கள் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவில் வாழும், எதையும் தின்னாது. அது தீர்ந்ததும் கண்ணெதிரே துடிக்கும் சிறு உயிரைத்தான் கவ்வும். அடியில் கிடக்கும் பொடியின் மேலேயே படுத்திருந்தாலும் பட்டினியில் சாகும். வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால்தான் தின்றிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தாளோ பொரித்த அன்றே "தூள் உணவு ஒரு சிட்டிகை" போடச் சொல்கிறது. குடம்பிக்குப் பசியும் இல்லை, தூளுக்கு அசைவும் இல்லை. மிஞ்சுவது அழுகலும் அமோனியாவும்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளின் நீர் வன்னீர், பெரும்பாலும் காரத்தன்மை கூடியது. நீர் காரமாகவும் சூடாகவும் இருக்கும்போது அதே அளவு அமோனியாவில் நஞ்சான பங்கு கூடும். கொழும்பில் தப்பக்கூடிய பிழை இங்கே தப்பாது.

பொரித்த ஆர்ட்டீமியாவுக்கும் ஒழுங்கு உண்டு, அதுவும் தாளில் இல்லை. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் கோது மிதக்கும், குஞ்சு அடியில் சேரும். அடியிலுள்ளதை மட்டும் இறக்கி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசிவிட்டுக் கொடுக்கவேண்டும். பொரித்துச் சில மணித்தியாலங்களுக்குள் கொடுத்தால்தான் அதில் சத்து இருக்கும். பிந்தினால் தன் சேமிப்பைத் தானே தின்று வெறுங்கூடாகிவிடும். நன்னீரில் அது சில மணித்தியாலங்களே உயிரோடிருக்கும் என்பதால், நாளுக்கு இரண்டு தடவை இரையும், மிச்சத்தை உறிஞ்சி எடுத்து ஏறத்தாழ முழு நீரையும் மாற்றுவதும் நாளாந்தக் கடமை. உங்கள் தாள் "வாரத்துக்கு மூன்றிலொரு பங்கு நீர்" என்கிறது.

அடுத்தது, தாளில் உள்ள மிக மோசமான வரி: "நீரின் வெப்பநிலை 26 முதல் 28 பாகை." ஆர்ட்டீமியா பொரிக்கும் வெப்பநிலையைக் குடம்பிக்கே எழுதிவிட்டீர்களா, அல்லது மீன் தாளைப் பெயர் மாற்றி அச்சிட்டீர்களா தெரியவில்லை. அக்சலோட்டல் மெக்சிக்கோவின் சோச்சிமில்கோ ஏரிப் பகுதிக்குரிய, குளிர்நீரில் வாழும் ஈரூடகவாழி. அதற்கு உகந்தது 16 முதல் 18 பாகை, 20 வரை பொறுக்கும், 24ஐத் தாண்டினால் வளர்ந்ததே வாடும். அதன் முட்டை 18 முதல் 20 பாகையில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கும். சூட்டில் பொரிப்பு முந்தும், ஆனால் பூஞ்சணமும் முந்தும், நீரிலுள்ள ஒக்சிசனும் குறையும்.

இந்த வரிக்கும் நீங்களே பெட்டியில் வைத்த குளிரூட்டிக்கும் எப்படிப் பொருத்தம் என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். குளிரூட்டியின் உறையில் "20 லீற்றரை 16 பாகைவரை குளிராக்கும்" என்று இருக்கிறது. உள்ளே கொம்பிரசர் இல்லை, 70 வாற்று பெல்ற்றியர் தகடும் (மின் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) ஒரு விசிறியும்தான். அந்தத் தகட்டின் இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள வெப்ப வித்தியாசம் கூடக்கூட அது கடத்தும் வெப்பம் குறையும். வெளியிலிருந்து நீருக்குள் ஏறும் வெப்பத்துக்கும் தகடு அகற்றும் வெப்பத்துக்கும் சரிசமமானவுடன் இறக்கம் நின்றுவிடும். அறை 31 பாகையாக இருக்கையில் நீர் 26க்குக் கீழே வரவில்லை, வெப்பமானியின் படம் இணைப்பில் உண்டு. நுவரெலியாவில் இது தேவைப்படாது, யாழ்ப்பாணத்தில் இது போதாது.

மீன் வாடியில் கிடைக்கும் ரெஜிபோம் (வெப்பம் எளிதில் புகாத வெள்ளை நுரை) பெட்டி இதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும். குடம்பித் தட்டுகளைப் பெட்டியிலுள்ள நீரில் மிதக்கவிட்டு, ஐஸ் போத்தலை அந்த வெளிநீரில் வைத்தால், அரை லீற்றர் ஐஸ் உருகும்போது 10 லீற்றர் நீர் ஏறத்தாழ 4 பாகை இறங்கும். போத்தலைத் தட்டுக்குள்ளேயே போட்டால் வெப்பநிலை திடீரென ஏறி இறங்கிக் குடம்பிக்குக் கேடு. இந்த ஒரு பந்தியைத் தாளில் போட்டிருந்தால் வாங்கியவருக்குப் பிரயோசனமாவது இருந்திருக்கும்.

மருந்துப் போத்தல்களில் "பூஞ்சண நிவாரணி" என்பதன் உள்ளடக்கம் மலக்கைற்றுப் பச்சையும் போமலினும். ஈரூடகவாழியின் தோல் நீரிலுள்ளதை உறிஞ்சும். மீனுக்குப் பழகிய இந்தக் கலவையை முட்டைக்கும் குடம்பிக்கும் பரிந்துரைப்பது ஆபத்து. வெண்மையாகிப் பஞ்சு படர்ந்த முட்டையைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் காற்று விட்டால் போதும். மற்றது குளோரின் நீக்கி, கற்றாழைச் சாறு சேர்த்தது. கிணற்று நீரில் குளோரினே கிடையாது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் பார்க்கவேண்டியது நைத்திரேற்று, அதை உங்கள் போத்தல் தொடாது.

"ஒரு தட்டில் எத்தனையும் விடலாம்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். சுமார் 2 சென்ரிமீற்றரில் முன்கால் முளைக்கும் பருவத்தில் ஒன்றின் காலையும் செவுட்பூவையும் (தலையோரத்தில் இறகுபோல் வெளியே நிற்கும் செவுள்) மற்றது கடிக்கும், இரை குறைந்தால் முழுதாகவே விழுங்கும். அப்போது அளவு பார்த்துப் பிரித்து, கடிபட்டதை யோகட் கப் ஒன்றில் தனியே விடவேண்டும். இழந்த கால் திரும்ப முளைக்கும், இழந்த தலை முளைக்காது.

பின்பக்கத்தில் "வாளியில் நீர் தேக்கி நுளம்புக் குடம்பி வளர்த்து இரையாக்குங்கள்" என்றும் ஆலோசனை தந்திருக்கிறீர்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இந்த நாட்டில் நடைமுறையில் உள்ளது. மாரி மழைக்குப் பின் டெங்குக்காக வீடுவீடாக வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உங்கள் தாளைக் காட்டினால் வழக்கிலிருந்து தப்பலாம் என்று எழுதித் தருவீர்களா?

நாங்கள் கேட்பவை இவை. எல்லாத் தொகுதிகளுக்கும் முழுத் தொகையையும் மீளத் தரவேண்டும், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு உங்களுடையது. வழிகாட்டித் தாளையும் ரின்னின் முகப்பு வாசகத்தையும் விற்பனையிலிருந்து எடுக்கவேண்டும். பணத்துக்கும் முதல், இதே பெட்டியை வாங்கிய மற்றவர்களுக்கு உடனே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்: நீர் 18 பாகை, இரை உயிரோடு அசையவேண்டும், பூஞ்சண மருந்து போடவேண்டாம். அக்சலோட்டல் முட்டையைப் பொரிக்கும் நிலையில் வைத்திருப்பவருக்கு அந்த மூன்று செய்தியும் இந்த வாரமே தேவை.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகளின் கீழ், தவறாக வழிநடத்தியமை, பொய்யான விவரிப்பு ஆகியவை குறித்து அதிகார சபையிடம் முறையிடுவோம். கொள்வனவிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதைச் செய்யவேண்டும் என்பதால் தவணை நீடிக்க முடியாது. ஒரு ரின்னை முத்திரை உடைக்காமல், முகப்பும் அடியும் படமெடுத்து வைத்திருக்கிறோம். அது உங்களிடம் திரும்பி வராது, விசாரணைக்கு வைக்கப்படும்.

இங்ஙனம்,
அக்சலோட்டல் வளர்ப்போர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதிகள், ரின்னின் முகப்பு மற்றும் அடிப்பக்கப் படங்கள், குளிரூட்டியின் உட்பகுதி, வெப்பமானிப் படம், வழிகாட்டித் தாளின் இரு பக்கங்கள்.