எட்டு நாள் விருந்து

அன்பு மாப்பிள்ளை,

போனில் சொல்லியிருப்பேன். நீ நடுவில் சிரித்துச் சிரித்தே கதையைக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான கீழக்கரை போய் வந்துவிட்டேன். நம் விடுதி அறையின் மூன்றாவது ஆள் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். முப்பது வருஷமாகக் கூப்பிடுகிறான், இந்த மே மாதம்தான் கொடுத்துவைத்தது. இருப்பது பெண்டாட்டி வீட்டில். அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். ஆக, எட்டு நாளும் எனக்குக் கிடைத்தது அவனுடைய மாமியின் கைச் சமையல்.

என் சர்க்கரைக் கதைதான் உனக்குத் தெரியுமே. ஜனவரியிலிருந்து காலையில் கம்பங்கூழ், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி இரண்டு சப்பாத்தி என்று ஓடிக்கொண்டிருந்தேன். நாலு கிலோ குறைந்தும் விட்டது. எட்டு நாளைக்கு அந்தக் கணக்கு நோட்டை மூடிவைப்பது என்று தீர்மானித்தே பஸ் ஏறினேன். மாத்திரையை நிறுத்தவில்லை, பயப்படாதே.

முதல் நாள் மத்தியானமே சஹன். பெரிய தாம்பாளத்தில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் ஆட்டுக்கறி, பக்கத்தில் தால்சா, கத்திரிக்காய்ப் பச்சடி. சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட வேண்டும். இதில் உள்ள ஆபத்து என்ன தெரியுமா? யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாருக்குமே தெரியாது. என் பக்கம் குழி விழுந்தால் எதிரில் இருப்பவர் கறியைத் தள்ளி அதை நிரப்பிவிடுகிறார். ஒரு கரண்டிக் கணக்கு அங்கேயே செத்துப்போயிற்று.

மறுநாள் காலை இடியாப்பம், மாசிக் கருவாட்டுச் சம்பல். அப்புறம் வட்டிலப்பம் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து ஆவியில் வேகவைத்தது. கரண்டி வைத்தால் நடுங்குகிறது. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு மாமி, “சீனி போடல தம்பி, கருப்பட்டிதான், சக்கரைக்கு ஒண்ணும் செய்யாது” என்றார். செய்யும், மாப்பிள்ளை. நாக்குக்குத்தான் அது வேறு, ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். ஆனால் அந்த நேரத்தில் அவரைத் திருத்தவா முடியும்? சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, லேசாகப் புகை வாசம் வேறு. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மீனுக்கு அது நல்ல காலமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகு மீன்தான் வரும். விலை எகிறிக் கிடந்தது. ஆனாலும் காலையில் பிடித்தது மத்தியானம் சட்டியில் இருந்தது. விளைமீன் ஆணம் (அங்கே குழம்புக்கு அதுதான் பெயர்) ஒரு நாள், கணவாய் ஒரு நாள். காரத்துக்கு அந்த மாவட்டத்துக் குண்டு மிளகாய். காரம் மெதுவாக ஏறி, தண்ணீர் குடித்த பிறகும் இறங்காமல் நிற்கிறது.

நடுவில் ஒரு நாள் ராமேஸ்வரம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்து பார்த்தேன். பக்கத்திலேயே 1914-இல் கட்டிய பழைய பாலக் கிழவரும் அப்போது நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் ஒரு கடையில் சிவப்புச் சாயம் பூசிய வறுத்த மீன் தின்றேன், உள்ளே சக்கை. எட்டு நாளில் வருத்தப்பட்டுத் தின்றது அது ஒன்றுதான்.

ஏழாம் நாள் வயிறு கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. “நீங்கள் தினமும் சாப்பிடுவதையே எனக்கும் போடுங்கள்” என்று கேட்டேன். மாமிக்குக் கொஞ்சம் சங்கடம். விருந்தாளிக்கு அதையா போடுவது என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டார்: வெள்ளைச் சோறு, வெங்காயமும் பச்சை மிளகாயும் மிதக்கிற புளியாணம், பொரித்த மீன் ஒரு துண்டு. அவ்வளவுதான்! நண்பனின் பெண்டாட்டி அன்று எங்களோடு பேசிக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிட்டதைக் கவனித்தேன். அதற்கு முந்தைய ஆறு நாளும் அவர் வட்டிலப்பத்தைத் தொட்டே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு அது பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. நான் எட்டு நாளில் ஒரு வருஷத்துப் பெருநாளைத் தின்றுவிட்டு, ‘கீழக்கரைச் சாப்பாடு’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த மறுநாள் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தேன், 171. ஒரே ஆறுதல், எடை ஏறியது ஒன்றரைக் கிலோவோடு நின்றது. மறுபடி கம்பங்கூழ் தொடங்கியாயிற்று. முதல் இரண்டு நாள் தொண்டையில் இறங்கவில்லை, மூன்றாம் நாள் பச்சை மிளகாய் கடித்துக் குடித்தேன், இறங்கியது. ஆகஸ்டில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சர்க்கரை ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்வதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள், சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாளாம். அந்த எட்டு நாளும் அதில் பதிந்துதான் இருக்கும், டாக்டரிடம் மறைக்க வழியில்லை.

கிளம்பும்போது மாமி ஒரு டப்பா தொதல் கொடுத்தார். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கருப்பட்டியும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்காகக் கிண்டியது. வீட்டில் வைத்திருந்தால் என் கை சும்மா இருக்காது. பாதியை இதோடு அனுப்பியிருக்கிறேன். உனக்குத்தான் சர்க்கரை இல்லையே. கிடைத்ததும் ஒரு வார்த்தை எழுது, மீதிப் பாதி எங்கே என்று மட்டும் கேட்காதே.

உன்
பழைய அறைத்தோழன்