மௌஸ் லைப்ரரியிலயே இருக்கட்டும்: நம்ம பெற்றோர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவுல இருக்கிற அண்ணன்கள், அக்காக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் குழுவுல சுத்தின மனு பத்தி உங்களுக்கே தெரியும். நம்ம பசங்க படிக்கிற ஸ்கூல் லைப்ரரியில இருந்து ஆர்ட் ஸ்பீகல்மேனோட மௌஸை, அதாவது நாஜிகள் யூதர்களைக் கொன்னு குவிச்ச காலத்துல தன்னோட அப்பா அம்மா பட்டதை அவர் படக்கதையா வரைஞ்ச புக்கை, எடுக்கணும்னு பாதிப் பேர் கையெழுத்து போட்டிருக்கீங்க. தயவுசெஞ்சு அதை வாபஸ் வாங்குங்க.

கெட்ட வார்த்தை இருக்கு, நிர்வாணப் படம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. 2022 ஜனவரியில அமெரிக்காவுல டென்னசி மாநிலத்துல மெக்மின் கவுண்டி ஸ்கூல் போர்டு 10-0ன்னு ஓட்டு போட்டு எட்டாங்கிளாஸ் பாடத்துல இருந்து இதைத் தூக்கினப்பவும் இதைத்தான் சொன்னாங்க. அந்தப் படம் என்னன்னு ஒருத்தராவது பாத்தீங்களா? ஸ்பீகல்மேனோட அம்மா ஆன்யா, முதல் பிள்ளையை ரெண்டாம் உலகப் போர்ல பறிகொடுத்து, ஆஷ்விட்ஸ்ங்கிற நாஜி வதை முகாம்ல இருந்து உசுரோட மீண்டு வந்து, 1968ல நியூயார்க்ல தற்கொலை பண்ணிக்கிட்டவங்க. குளிக்கிற தொட்டியில செத்துக் கிடந்த அம்மாவை பெத்த மகன் வரைஞ்ச ஒரு சின்ன கட்டம் அது. அதை ஆபாசம்னு எழுதி கீழ பேர் போட எப்படி மனசு வந்துச்சு, எனக்கு நெஜமாவே புரியல.

ஆன்யா தான் பட்டதையெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, பையன் பெரியவனானதும் படிக்கணும்னு ஆசைப்பட்டிருக்காங்க. அவங்க போனப்புறம் புருஷன் விளாடெக் துக்கம் தாங்காம அத்தனையும் எரிச்சிட்டாரு. மகன் எத்தனையோ தடவை தேடிக் கேட்டப்புறம்தான் அந்த உண்மையையே சொல்றாரு. எட்டாவது படிக்கிற என் பொண்ணு அந்தப் பக்கம் வந்ததும் புக்கை மூடிட்டு, "அப்போ அவங்க என்ன நெனச்சாங்கன்னு இனிமே யாருக்குமே தெரியாதாம்மா?"ன்னு கேட்டா. எனக்கு பதில் சொல்லத் தெரியல. அந்தம்மாவைப் பத்தி மிச்சம் இருக்கிறது அப்பாவோட ஞாபகமும் மகன் வரைஞ்ச இந்தப் படங்களும்தான், அதையும் நாம எடுத்துடணும்னு கேக்கறோம்.

யூதர்களை எலியா, நாஜிகளை பூனையா வரைஞ்சதால இது விளையாட்டு புக் ஆயிடாது. 1992லயே அமெரிக்காவோட பெரிய விருதான புலிட்சர்ல சிறப்புப் பரிசு வாங்கின புக் இது. எனக்கு கோவமே படிக்காம கையெழுத்து போடற பழக்கம் மேலதான், யாரோ ஒருத்தர் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினதும் முன்னபின்ன பாக்காம எல்லாரும் சரின்னுட்டோம், பசங்க படிக்கவே மாட்டேங்கறாங்கன்னு புலம்பறதும் நாமதான்.

கோவத்துல ஏதாவது அதிகமா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. கஷ்டமான புக்தான், இல்லைன்னு சொல்லல. உங்க பிள்ளைக்கு வேண்டாம்னா அது உங்க முடிவு, ஆனா எல்லா பிள்ளைங்களுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லாதீங்க. ஸ்கூல் கமிட்டி வர்ற திங்கக்கிழமை கூடுது, அதுக்குள்ள மனுவை வாபஸ் வாங்கிடுங்கன்னு கேட்டுக்கறேன். ரெண்டு பாகமும் என்கிட்ட இருக்கு. வேணுங்கறவங்க சொல்லுங்க, வீட்டுக்கே கொண்டு வந்து தரேன்.